‘டாக்’ அறிக்கை அரசாங்கப் பதிவு அல்ல

அமெரிக்காவில் வேலையை விட்டு விலகும் லாரி ஓட்டுநரைப் பற்றிப் பழைய நிறுவனம் ‘டாக்’ எனும் பணி வரலாற்று அறிக்கையில் எழுதுவது அரசாங்கப் பதிவு என்றும், அதைப் பார்க்கவோ திருத்தவோ ஓட்டுநருக்கு உரிமை இல்லை என்றும் ஒரு செய்தி சுற்றி வருகிறது. அது தவறு.

அந்த அறிக்கையைத் தொகுத்துத் தருவது ஹயர்ரைட் என்ற தனியார் நிறுவனம். 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் (பெயரில்தான் கடன்) இதற்கும் பொருந்துவதால், ஓட்டுநர் தம் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அதிலுள்ள தகவலை அவர் மறுத்தால் ஹயர்ரைட் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்து, உறுதிசெய்ய முடியாததை நீக்கியாக வேண்டும்.

பெரும் வம்பை இழுப்பது ‘வண்டியைக் கைவிட்டுச் சென்றார்’ என்ற குறிப்பு. லாரியை நிறுவனத்தின் வளாகத்திலேயே நிறுத்திச் சாவியை ஒப்படைத்தவர் மீதும் இது எழுதப்படலாம் என்பதால், நிறுத்திய இடத்தின் படம், மேலாளருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, கடைசி டீசல் ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது.

முந்தைய மூன்றாண்டுப் பாதுகாப்பு விவரங்களைப் புதிய நிறுவனம் விசாரிக்கும்போது கூட்டாட்சி விதி 391.23 பொருந்தும், அதன்படி ஓட்டுநர் திருத்தம் கேட்டால், பழைய நிறுவனம் 15 நாட்களுக்குள் திருத்த வேண்டும் அல்லது உடன்பாடில்லை என்று தெரிவிக்க வேண்டும். உடன்படாவிட்டால் ஓட்டுநரின் எழுத்துபூர்வ மறுப்பைக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஆனால் தெரிந்தே பொய் சொன்னாலோ விதியின் நடைமுறையை மீறினாலோ ஒழிய, இவ்விவரங்களைத் தந்ததற்காக அந்நிறுவனத்தின் மீது அவதூறு வழக்கு நிற்காது.