நோட்-ஃபெட்ச் 3: ரிக்வயர் பிழைக்கு அந்த ஒரு வரி போதாது

நோட்.ஜேஎஸ் 18-இல் ஓடும் டைப்ஸ்கிரிப்ட் திட்டத்தில், இணையத்திலிருந்து தரவு எடுக்கும் நோட்-ஃபெட்ச் நூலகத்தின் 3-ஆம் பதிப்புக்கு மாறியதும், அதை 'ரிக்வயர்' கொண்டு ஏற்ற முடியாது என்று ஒரு பிழை வரும். அதற்கு டிஎஸ்கான்ஃபிகில் (டைப்ஸ்கிரிப்ட் அமைப்புக் கோப்பு) 'இஎஸ்மாட்யூல்இன்டெராப்' ட்ரூ என்று போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். அதனால் பிழை போகாது. அந்த அமைப்பு டீஃபால்ட் இம்போர்ட்டை மட்டுமே சீராக்கும்.

2021-இல் வந்த 3-ஆம் பதிப்பு இஎஸ் மாட்யூலாக ('இம்போர்ட்' பயன்படுத்தும் புதிய முறை) மட்டுமே கிடைக்கிறது. டிஎஸ்கான்ஃபிகில் உங்கள் 'மாட்யூல்' அமைப்பு காமன்ஜேஎஸ் ('ரிக்வயர்' பயன்படுத்தும் பழைய முறை) என்றால், நீங்கள் இம்போர்ட் என்று எழுதியதை டைப்ஸ்கிரிப்ட் ரிக்வயராக்கித்தான் வெளியே தள்ளும். மாற்றிய கோப்புகள் சேரும் டிஸ்ட் ஃபோல்டரில் உள்ள ஜேஎஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், அந்த ரிக்வயர் வரி அப்படியே இருக்கும். நிரல் ஓடும்போது ஏற்றும் டைனமிக் இம்போர்ட்டுக்கும் இதே கதிதான்.

சரியான வழி: டிஎஸ்கான்ஃபிகில் 'மாட்யூல்' நோட்16, பேக்கேஜ் ஜேசனில் 'டைப்' மாட்யூல். பிறகு உங்கள் சொந்தக் கோப்புகளை இம்போர்ட் செய்யும்போது, மூலம் டிஎஸ் கோப்பாக இருந்தாலும் முடிவில் '.ஜேஎஸ்' எழுதியே ஆக வேண்டும். பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

தனியாக நிறுவிய நோட்-ஃபெட்ச் டைப்ஸ் பேக்கேஜ் (டைப்ஸ்கிரிப்டுக்கான வகை விவரங்கள்) 2-ஆம் பதிப்புக்கானது. 3 தன் டைப்களோடுதான் வருகிறது, பழையதை நீக்கிவிடுங்கள்.

இவ்வளவு மாற்ற நேரமில்லையா? நோட்-ஃபெட்ச் 2-இலேயே இருங்கள். அல்லது நோட் 18-இன் உள்ளமைந்த ஃபெட்ச்சைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் பதிலின் 'பாடி' வெப் ஸ்ட்ரீம், நோட் ஸ்ட்ரீம் அல்ல; எனவே தரவை நேராக வேறொரு ஸ்ட்ரீமுக்கு அனுப்பும் 'பைப்' வேலை செய்யாது, 'ரீடபிள்.ஃப்ரம்வெப்' வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.