சோளக் கதிரும் கையுமாக யோசனை சொன்ன பெருமகனாருக்கு

சுட்ட சோளக் கதிரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கால்சட்டைப் பைக்குள் கதகதப்பாக வைத்துக்கொண்டு ஏரிச் சாலையில் நின்ற அந்தப் பெருமகனார், படகில் இருந்த எங்களைப் பார்த்து, "சார், மீனெல்லாம் அந்தக் கரையிலதான் துள்ளுது, நீங்க ஏன் இங்கேயே சுத்திக்கிட்டு இருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு என் மனம் இன்னும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆடி மாதம், மேல்காற்று, கொடைக்கானல் ஏரி. இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள் இந்நேரம் பல்லைக் கடித்திருப்பார்கள்.

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். காற்று ஒரே திசையில் சில மணி நேரம் வீசினால், வெயிலில் சற்றே சூடேறிய மேல்நீரை இழுத்துக்கொண்டுபோய் எதிர்க்கரையில் குவித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும், தண்ணீரில் விழுந்த பூச்சிகளும் அந்த நீரோடு போகின்றன. அவற்றைத் தின்னப் பொடிமீன்கள் பின்தொடர்கின்றன. கரையில் மோதும் அலை அடிச்சேற்றைக் கலக்கிவிடுவதால், சேற்றைக் கிளறித் தின்னும் கெண்டைக்கு அங்கே வடை பாயசத்துடன் பந்தி நடக்கிறது. நீர்ப்பரப்பு குலைந்து கிடப்பதால் மேலே இருக்கும் ஆள் சரியாகத் தெரிவதில்லை; அது பயமே இல்லாமல் தின்கிறது. ஆக, ஏரியில் மீன் எங்கே இருக்கும் என்று கேட்டால், மனிதன் படகை நிறுத்தவே முடியாத இடம் எதுவோ அங்கேதான் இருக்கும். மரங்களின் மறைவில் அலை அடங்கி, ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் குடிக்கத் தோதாக இருக்கும் மேற்குக் கரையில் ஒரு குஞ்சுகூட வாயைத் திறக்காது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராயினும் அவர் மீன் கட்சிக்காரர்.

போதாக்குறைக்கு, ஒரு காலத்தில் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்சு துரை 1863-இல் உருவாக்கிய இந்த ஏரி உருண்டையாகவோ சதுரமாகவோ இல்லாமல் நட்சத்திரம்போல் கை கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கைக்குள்ளும் காற்றுக்கு ஒரு தனிச் சட்டம். நடு ஏரியில் மேற்கிலிருந்து வருவது, ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு முகத்தில் அறைகிறது. அடுத்த நிமிடம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.

இனி நங்கூரக் கதைக்கு வருவோம். மதுரையிலிருந்து வந்திருந்த என் மச்சினனும் நானும் தீட்டிய திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காற்று மோதும் கிழக்குக் கரைக்குச் சற்று முன்பாகவே நங்கூரத்தைப் போட்டுக் கயிற்றை நீளமாக விட்டு, காற்றை முதுகில் வாங்கியபடி கரையை நோக்கித் தூண்டிலை வீச வேண்டும். நங்கூரம் என்பது சிமென்ட் ஊற்றிய பழைய பெயின்ட் டப்பா. அதை இறக்கியதும் மச்சினன், "தரை தட்டிருச்சு மாமா, இது போதும்" என்று கயிற்றை அங்கேயே இறுக்கிக் கட்டிவிட்டு, மிச்சத்தைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் பத்திரப்படுத்தினான். தண்ணீரின் ஆழத்தைப்போல் நாலைந்து மடங்கு கயிறு விட்டால்தான் அது சாய்வாகக் கிடந்து நங்கூரத்தைத் தரையோடு இழுக்கும். செங்குத்தாக நின்றால் ஒவ்வோர் அலைக்கும் டப்பா மேலே எழும்பும். எழும்பியது. எழும்பி எழும்பி, எங்களையும் அழைத்துக்கொண்டு, பாசிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று படித்த பாடம், பாசியிலிருந்து எதிர்க்காற்றில் துடுப்பு வலித்துத் திரும்பும்போது தோள்பட்டையில் தெளிவாக விளங்கிற்று.

மறுபடி போட்டோம். இந்த முறை கயிறு முழுவதையும் விட்ட மச்சினன், தான் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரே காரணத்தால் அதைப் படகின் நடுவிலேயே கட்டினான். படகு காற்றுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அலை ஒவ்வொன்றும் உள்ளே வந்து நலம் விசாரித்தது. தூண்டிலுக்காகப் பிசைந்து வைத்திருந்த கோதுமை மாவு, கூழாகக் கரைந்து என் செருப்பை நனைத்தது. அவிழ்த்துப் படகின் மூக்கில் கட்டினோம். நின்றதா? நின்றது, ஆனால் நிலையாக அல்ல. மூக்கு கட்டுண்டு கிடக்க, வால் இடப்புறம் போய், சற்று யோசித்து, வலப்புறம் வந்தது. இடப்புறம் போகும்போது நான் வீசிய தக்கையும், வலப்புறம் வரும்போது அவன் வீசிய தக்கையும் படகுக்கு அடியில் சந்தித்துக் குடும்பம் நடத்தின. விறைத்த விரல்களால் அந்தத் தூண்டில் நரம்புச் சிக்கலை அவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்த சிக்கல் தயாராக இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டால் இந்தத் தாலாட்டு நின்றுவிடும் என்று எனக்கும் தெரியும். சிமென்ட் ஊற்ற எடுத்து வைத்திருந்த இரண்டாவது டப்பாவில் இப்போது ரோஜாப் பதியன் தளிர்விட்டிருக்கிறது. அது அங்கே எப்படிப் போயிற்று என்பது என் வீட்டில் பேசக் கூடாத விஷயம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர், அம்மியைத்தான் நங்கூரமாகக் கட்டியிருப்பாரோ என்று எனக்கு வலுவான சந்தேகம் உண்டு.

சரியாக இந்தக் கட்டத்தில்தான் கரையிலிருந்து அந்த அருள்வாக்கு வந்தது.

நரம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். அது நேராக இருந்தால் அல்லவா மீன் கடிப்பது கைக்குத் தெரியும்? காற்று அதை வில்லாக வளைத்து வைத்திருக்கிறது. வளைந்த நரம்பைக் காற்றின் ஒவ்வொரு வீச்சும் சுண்டும்போது மீன் என்று நினைத்து இழுக்கிறோம். வெறும் முள் வருகிறது. உண்மையில் மீன் சுண்டும்போது காற்று என்று நினைத்துச் சும்மா இருக்கிறோம். அப்போதும் வெறும் முள்தான் வருகிறது, இரை மட்டும் சுத்தமாகத் துடைக்கப்பட்டு. கோலின் நுனியைத் தண்ணீரைத் தொடுமளவு தாழ்த்திப் பிடி, மெல்லிய நரம்பாகப் போடு, ஈயக்குண்டை ஒரு சுற்றுப் பெரிதாக்கு என்பார்கள். எல்லாம் செய்தாயிற்று. குண்டு பெரிதானதும் கெண்டை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் காலையில் கைப்பேசியின் வானிலைச் செயலி, "இதமான காற்று, மணிக்கு 9 கி.மீ." என்று எழுதியிருந்தது. அலையின் தலையில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தாலே காற்று 12 கி.மீ.-ஐத் தாண்டிவிட்டது என்பது கணக்கு. பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் 20-ஐயும் தாண்டியாகிவிட்டது. ஆனால் செயலியின் கணிப்பில் மலையும் பள்ளமும் ஏரியும் பல கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றுக்குள் சேர்ந்து சராசரியாகிவிடும்போது, அந்தக் கட்டத்தின் மூலையில் இரண்டு பேர் பெயின்ட் டப்பாவோடு சுற்றிக்கொண்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? படகை ஒப்படைக்க வேண்டிய நேரம் நெருங்கியதும் காற்று அடங்கிவிட்டது. அதற்கும் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா?

இரவு கம்பளிக்குள் சுருண்டிருந்தபோது, "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று அந்தச் செயலி மதிப்பெண் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த அறையில் தும்மிக்கொண்டிருந்த மச்சினனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். ஒரே ஒரு நட்சத்திரத்தை ஆத்திரத்தோடு அழுத்தப் போனேன். நடுங்கிய விரல் வழுக்கி ஐந்தும் விழுந்துவிட்டன. நன்றி என்று வேறு பதில் வந்தது.