வருடம் முழுக்கப் பிப்ரவரி

பால்காரருக்கு மாதம் என்றால் மாதம். வீட்டு ஓனருக்கு மாதம் என்றால் மாதம். சீட்டுப் பிடிக்கிற அக்காகூட இந்த ஒன்றாம் தேதி வந்தால் அடுத்த ஒன்றாம் தேதிதான் வாசலில் நிற்பார். இந்த செல்போன் கம்பெனிகளுக்கு மட்டும் வருடம் முழுக்கப் பிப்ரவரி. 28 நாள், 28 நாள், 28 நாள். கூட்டிப் பாருங்கள், வருடத்துக்கு 13 மாதம் வரும். அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்கு 'ஏமாளி' என்று பெயர் வைக்கலாம்.

சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து அம்மா. "ஏம்ப்பா, உனக்குப் போட்டா ஒரு பொண்ணு எடுத்துப் பேசுது. உன்கிட்ட குடுக்கச் சொன்னா குடுக்க மாட்டேங்குது." அவளுடைய ரீசார்ஜ் பேக் முடிந்துவிட்டது. மூன்று தடவை போட்டிருக்கிறாள். மூன்று தடவையும் அந்தப் பதிவுக் குரலிடம், "அம்மாடி, என் மகன் மெட்ராஸ்ல இருக்கான், ஒரு நிமிஷம் குடும்மா" என்று கெஞ்சியிருக்கிறாள். "சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கு, அதுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ" என்று கடைசியில் அதற்கும் பாவம் பார்த்தாயிற்று.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். எனக்குப் பேசுவாள், தங்கைக்குப் பேசுவாள், கேஸ் சிலிண்டர்காரரைத் திட்டுவாள். அவ்வளவுதான் அவளுடைய தொலைத்தொடர்புத் தேவை. அதற்கு 28 நாளுக்கு ஒருமுறை 200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மொய். கூடவே டேட்டா தருகிறார்கள். அந்த போனில் டேட்டாவை எங்கே ஊற்றுவது? பேச மட்டும் தனி பேக் கொடுங்கள் என்று, இந்தக் கம்பெனிகளை மேய்க்கிற ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவே போட்டது. கொடுத்தார்களே! 84 நாள், 365 நாள் என்று பெரிய மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். கால் கிலோ சர்க்கரை கேட்டால், சில்லறையில் கிடையாது, கோணியோடு எடுத்துக்கொள் என்கிற மாதிரி.

சரி, போட்டுத் தொலைப்போம் என்று ஆப்பைத் திறந்தேன். பணம் போயிற்று. ரீசார்ஜ் வரவில்லை. 'செயல்பாட்டில் உள்ளது' என்று ஒரு வட்டம் சுற்றியது. இருபது நிமிடம் சுற்றியது. கோயில் பிரகாரம்கூட மூன்று சுற்றோடு விடும்.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஸ்பீக்கரில். ஏனென்றால் எதிர் சோபாவில் என் சகலை காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். இந்தச் சகலையை நீங்களும் அறிவீர்கள். உங்கள் வீட்டில் சித்தப்பா ரூபத்தில் இருப்பார், ஆபீஸில் மேனேஜர் ரூபத்தில் இருப்பார். எதைச் சொன்னாலும் "மார்க்கெட் பாத்துக்கும்" என்பார்.

தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும். அழுத்தினேன். இந்த எண்ணுக்கான சேவைக்கு ஒன்று, வேறு எண்ணுக்கு இரண்டு. இரண்டு. பத்து இலக்க எண்ணை அழுத்தினேன். நீங்கள் அழுத்திய எண், என்று ஒவ்வொரு இலக்கமாக, கல்யாணத்தில் மொய் வாசிப்பதுபோல வாசித்தது. சரி என்றால் ஒன்று. ஒன்று. புதிய சலுகைகளுக்கு ஒன்று, டேட்டாவுக்கு இரண்டு, வெளிநாட்டு ரோமிங்குக்கு மூன்று. என் அம்மா திருமங்கலத்தைத் தாண்டி மதுரைக்கே வருடத்துக்கு ஒருமுறைதான் போவாள். 'என் காசு எங்கே' என்பதற்கு எண்ணே கிடையாது. நடுவில் ஒரு பாட்டு வந்தது, இந்தப் பாட்டை காலர் டியூனாக வைக்க ஏதோ ஒரு பட்டனை அழுத்தவும் என்றது. நான் அதிகாரியிடம் பேசும் ஆத்திரத்தில் இருந்த பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பிடிக்கலைன்னா போர்ட் பண்ணிடுங்க சகலை. அதானே மார்க்கெட்டோட அழகு" என்றார் அவர்.

போர்ட் பண்ணலாம், அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறலாம். யாரிடம்? ஒரு காலத்தில் இந்த நாட்டில் பத்துக்கும் மேல் கம்பெனிகள் இருந்தன. ஏர்செல் ஞாபகம் இருக்கிறதா? 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க டவர் படுத்து, போர்ட் நம்பர் வாங்க வெயிலில் நின்றவர்களில் நானும் ஒருவன். 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக இறங்கியபோது, பார்த்தீர்களா போட்டியின் மகிமை என்றார் சகலை. அந்த இலவசத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்னது பெரியது என்று வரிசையாகக் கடையைக் கட்டின, இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. மிஞ்சியது மூன்று தனியார், அப்புறம் பிஎஸ்என்எல். 2019, 2021, 2024 என்று விலை ஏறியது. 2024 ஜூன் கடைசியில் மூன்று தனியாரும் அடுத்தடுத்து அறிவித்தார்கள். ஜூலை 3ஆம் தேதி இரண்டு பேர், 4ஆம் தேதி மூன்றாவது ஆள். இதுதான் போட்டி! யார் முதலில் ஏற்றுவது என்கிற போட்டி.

அரசாங்கம் என்ன சொன்னது? விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, மூன்று தனியாரும் ஒரு பொதுத்துறையும் இருப்பதால் போட்டி போதிய அளவு இருக்கிறது, உலகத்திலேயே மலிவான நாடுகளில் நாமும் ஒன்று. சகலை இதை அப்படியே ஃபார்வர்டு செய்தார், மூன்று குரூப்பில்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், என்றது போன்.

வேறு கம்பெனிக்குப் போகக்கூட இவர்களிடமே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1900க்கு ஒரு எஸ்எம்எஸ். ஆனால் மலிவு பேக்கில் எஸ்எம்எஸ்ஸே கிடையாது என்று வைத்திருந்தார்கள். வெளியே போகும் கதவுக்கே தனிப் பூட்டு. எந்த பேக்காக இருந்தாலும் போர்ட் எஸ்எம்எஸ்ஸை விடுங்கள் என்று 2021 டிசம்பரில் டிராய் சொன்ன பிறகுதான் பூட்டு திறந்தது. இந்தப் பூட்டைச் சந்தை திறக்கவில்லை என்றேன். "அது சின்ன டிஸ்டார்ஷன்" என்றார் சகலை. சந்தையில் சின்னக் கோணலாம்.

எல்லாமே சின்ன டிஸ்டார்ஷன்தான் இவருக்கு. விலை இறங்கினால் சந்தையின் வெற்றி. ஏறினால், சந்தை என்றால் அப்படித்தான். சரி, கம்பெனி முழுகினால்? வோடபோன் ஐடியா அரசுக்குக் கட்ட வேண்டிய அலைக்கற்றைப் பாக்கியில் 36,950 கோடியை 2025இல் பங்காக மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஏறத்தாழ 49 சதவீதம் அரசாங்கத்தினுடையது. என் அம்மாவின் பேக் முடிந்த நிமிடமே அவுட்கோயிங் கட். அவளுடைய பாக்கியை யாரும் பங்காக மாற்றிக்கொள்ளவில்லை.

"அப்ப பிஎஸ்என்எல்லுக்குப் போங்களேன்" என்று சிரித்தார். தனியார்கள் 5ஜி விற்றுக்கொண்டிருந்தபோது பிஎஸ்என்எல்லின் 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பரில். காலைக் கட்டிப் போட்டு ஓடவிட்டு, பார், அரசுக் குதிரை ஓடாது என்கிறார்கள். இதைச் சொல்பவர், 1969இல் இந்திரா காந்தி தேசியமயமாக்கிய வங்கிகளில் ஒன்றில் 34 வருடம் உட்கார்ந்து எழுந்து, மாதாமாதம் பென்ஷன் வாங்குபவர். அந்தப் பென்ஷன் 28 நாளுக்கு ஒருமுறை வருவதில்லை, ஆனால் ஒருநாளும் தவறியதும் இல்லை.

அமெரிக்காவில் கிரீன்ஸ்பான் என்று ஒருவர். 18 வருடத்துக்கு மேல் அந்நாட்டு மத்திய வங்கியை நடத்தியவர், சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர். 2008இல் எல்லாம் சரிந்த பிறகு, அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, என் கொள்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அவரே ஒப்புக்கொண்டார். மேற்கு மாம்பலத்தில் என் சகலை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

2005 கடைசியில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம் வேலிடிட்டி' விற்றார்கள், நினைவிருக்கிறதா? அப்பா ஒன்று வாங்கி வைத்தார். 2018 கடைசியில், மாதம் 35 ரூபாயாவது போடாவிட்டால் லைன் கிடையாது என்று ஆரம்பித்தார்கள். யாருடைய லைஃப் என்று அப்போது அப்பா கேட்கவில்லை. உண்மையான லைஃப்டைம் வேலிடிட்டி சகலையின் கொள்கைக்குத்தான். ரீசார்ஜே வேண்டாம், எத்தனை தடவை பொய்த்தாலும் லைன் கட்டாகாது.

நாற்பத்தேழாவது நிமிடம் ஒரு மனிதக் குரல். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வணக்கம் சார், காத்திருப்புக்கு மன்னிக்கவும்." முழுக் கதையையும் சொன்னேன். அம்மா, பட்டன் போன், சுற்றும் வட்டம் எல்லாம். பொறுமையாகக் கேட்டார். "நிச்சயமா உதவறேன் சார், உங்க ட்ரான்ஸாக்ஷன் ஐடி..." என்று ஆரம்பித்தார். டொய்ங். கட்.

நெட்வொர்க் போய்விட்டது. பேசியது தொலைபேசிக் கம்பெனியோடு. அவர்களுடைய லைனில்.

சகலை சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. என் சோபாவில்.

இனி முடியாது என்று இன்னொரு தடவை பணம் கட்டினேன். டிங் என்று வந்தது ரீசார்ஜ். அடுத்த நொடி இன்னொரு டிங். முதலில் தொங்கிக்கொண்டிருந்ததும் வந்துவிட்டது. சாட்டில் ஒரு ரோபோவைப் பிடித்து, ஒன்றைத் திருப்பித் தா என்று தட்டினேன். 'கவலை வேண்டாம்! உங்கள் அடுத்த பேக் வரிசையில் காத்திருக்கிறது' என்றது, பூச்செண்டுப் படத்தோடு. எனக்குத்தான் 47 நிமிடம் வரிசை என்று நினைத்தேன், என் காசுக்கும் வரிசை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போட்டேன். ரிங் போகவில்லை. குத்துப்பாட்டு ஒன்று டமடமவென்று ஆரம்பித்தது. ஆமாம், அந்த காலர் டியூன். பாட்டு முடிகிற நேரத்துக்கு எடுத்தாள்.

"ஏம்ப்பா, என் போன்ல என்னமோ பாட்டு வருதாமே? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க நான் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு திரும்பத் திரும்ப போன் போட்டு ஆடுதுங்க. நீ வச்சியா?"

நான்தான் வைத்தேன் என்றேன். வேறென்ன சொல்ல? அரை மணி நேரம் சிரித்தோம். இருக்கிறதே 56 நாள், பேசத் தீருமா.

இதற்கு நடுவில் சகலை கிளம்பும்போது தூறல் போட்டது என்று என் குடையை எடுத்துப் போய்விட்டார். போன ஆடியில் ஒட்டடை அடிக்க எடுத்துப் போன ஏணியே இன்னும் வரவில்லை. கேட்டால், அது அலுமினிய ஏணி சகலை, துருப்பிடிக்காது, கவலைப்படாதீங்க என்கிறார்.