டயப்பர் கொடுங்கள், போட்டோ கேட்காதீர்கள்

எங்கள் குழுவில் மொத்தமே 11 பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் கூடி, வந்த மூட்டைகளைப் பிரித்து, கஷ்டப்படுகிற வீட்டுக் குழந்தைகளுக்கு வயதுவாரியாகப் பை கட்டுவதுதான் வேலை. நாலு வருஷமாக மூட்டை பிரிக்கிறவள் என்ற உரிமையில் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன்.

போன வாரம் ஒரு மூட்டை. உள்பக்கம் வலைத்துணி குத்துகிற பிறந்தநாள் கவுன், முதுகில் துருப்பிடித்த ஜிப். ரப்பர் பிசுபிசுத்துப்போன பால் புட்டி. பாதி தீர்ந்த பால் பவுடர் டின். மேலே ஒரு சீட்டு: "தூக்கிப் போட மனசு வரல." வராத மனசோடுதான் எங்களிடம் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் பணம் கரைவது கவுனில் இல்லை, டயப்பரில். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8, 10 கூட ஆகும். கையில் காசில்லாதவள் நனைந்ததையே இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைக்கிறாள். தொடை இடுக்கு சிவந்து, தோல் உரிந்து, குழந்தை ராத்திரி முழுக்க அழும். அக்கறை இல்லாமல் இல்லை, பாக்கெட்டில் மிச்சம் இருப்பதை எண்ணி எண்ணி எடுக்கிறாள்.

பால் பவுடர் விஷயத்தில் எங்களோடு சண்டை போட்டவர்கள் உண்டு. பிரித்த டின்னை வாங்கவே மாட்டோம். சீல் உடைக்காத டின்னிலும் பவுடர் முழுக்கக் கிருமியற்றது அல்ல. 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். தாய்ப்பால் கொடுக்கிறவளிடம் இலவச டின்னை நீட்டுவதும் உதவி இல்லை. குழந்தை குடிப்பது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். டின் தீர்ந்த பிறகு? நாங்கள் மாதாமாதம் வாங்கித் தருவோமா? பவுடர்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்ன குழந்தைக்கு மட்டும், தேவைப்படுகிற வரை நிறுத்தாமல் கொடுக்கிறோம். அதற்கே மூச்சு முட்டுகிறது.

அடுத்தது போட்டோ. பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஒருவர், குழந்தையும் தாயும் பையோடு நிற்கிற படம் வேண்டும் என்றார். மறுத்தோம், பணமும் வரவில்லை. எங்களுக்குள்ளேயே இரண்டு பேருக்கு இன்னும் வருத்தம்தான். "ஒரு போட்டோவில் என்ன குறைந்துவிடும்?" என்கிறார்கள். குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவே சொல்கிறது. நான் அதைக் காட்டி வாதாடவில்லை. ஒரு தாயைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

முதல்முறை வந்தவள். பையை வாங்கிக்கொண்டு கிளம்பாமல் நின்றாள். குழந்தையின் தலைமுடியை எச்சில் தொட்டுப் படிய வைத்தாள், சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு மெதுவாக, "எங்க நிக்கணும்க்கா?" என்றாள். இதற்கு முன் எத்தனை இடத்தில் நின்றிருப்பாளோ.

"எங்கேயும் நிக்க வேண்டாம்மா, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போ" என்றேன். அவள் நம்பாமல் வாசல் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இன்னொன்று, கொடுக்க நினைக்கிறவர்களுக்காக: அலமாரியில் நியூபார்ன் அளவு டயப்பர் குவிந்து கிடக்கிறது. குழந்தை என்றதும் எல்லோருக்கும் பிறந்த குழந்தைதான் ஞாபகம் வருகிறது. அது ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு எடை போட்டுவிடும். லார்ஜ் அளவு நேற்றோடு தீர்ந்துவிட்டது.