இந்தப் பறவைய முட்டாள் கோழின்னு கூப்பிடாதீங்க

போன அக்டோபர்ல கனடாவுல இருக்கற அல்கான்குவின் பார்க் போயிருந்தோம். ஒன்டாரியோவுல இருக்கறவங்க நிறைய பேரு இலை செவக்கற சீசன்ல அங்க போவீங்க, மேப்பிள் மரத்த போட்டோ எடுத்துட்டு வந்துடுவீங்க. நாங்க ஹைவே 60 ஓரமா இருக்கற ஸ்ப்ரூஸ் பாக் போர்ட்வாக்குக்கு காலங்காத்தால போனோம், சதுப்பு நிலத்து மேல பலகை போட்டு வச்சிருப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒல்லி ஒல்லியா கருப்பு ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரம், கீழ பாசி மெத்தை மாதிரி கெடக்கும். ஒரு யூகத்துல தான் போனேன், ஸ்ப்ரூஸ் கிரவுஸ்னு அந்தக் காட்டுல வாழற கோழி மாதிரி பறவை கண்ணுல பட்டா பாக்கலாம்னு.

பட்டுச்சு. பலகையிலேர்ந்து நாலடி தள்ளி ஒரு கருகின கட்டை கெடக்குன்னு நெனச்சு தாண்டப் போனேன், கட்டை கண்ண சிமிட்டுச்சு. சேவல். கண்ணுக்கு மேல பச்ச மொளகாய் பழுத்த கலர்ல ஒரு பட்டை, தொண்டையும் நெஞ்சும் கன்னங்கரேல்னு, நெஞ்சோரம் வெள்ளை வெள்ளையா திட்டு, வால் நுனியில மட்டும் செங்காவி. என்னைப் பாத்துச்சு, ஓடல. கொஞ்ச நேரத்துல பக்கத்துல இருந்த டமராக் மரத்துல ஏறி உக்காந்து மஞ்சளாயிட்டிருந்த ஊசி இலைய ஒண்ணொண்ணா கொத்தி வெட்டி முழுங்க ஆரம்பிச்சுது. இருபது நிமிஷம் நின்னேன், கையெல்லாம் மரத்துப் போச்சு, நகர மனசு வரல.

அப்பதான் பின்னாடி வந்த ஒரு பெரியவர் நின்னு பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "அது ஃபூல் ஹென், துப்பாக்கியே வேணாம், குச்சி போதும்"னு. அவரு ஒண்ணும் கெட்ட எண்ணத்துல சொல்லல. வடக்குப் பக்கம் எல்லாரும் சொல்ற பேரு தான் அது, முட்டாள் கோழி, கல்லால அடிக்கலாம், கம்பு நுனியில சுருக்கு கட்டி கழுத்துல மாட்டியே பிடிக்கலாம்னு தலைமுறை தலைமுறையா பேசிட்டு வர்றாங்க. ஆனா எனக்கு அந்த வார்த்தை அன்னைலேர்ந்து தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது, அதான் இந்தப் பதிவு.

அது எதுக்கு அசையாம நிக்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தக் காட்டுல அதைத் தின்ன வர்றது யாரு? கோஷாக்னு பெரிய வல்லூறு, லின்க்ஸ் பூனை, மார்ட்டன்னு மரம் ஏறற கீரி மாதிரி ஒண்ணு. வல்லூறு மேலேர்ந்து அசைவத் தேடித்தான் வரும். அடர்ந்த ஸ்ப்ரூஸ் நிழல்ல கருப்பும் சாம்பலும் கலந்த ஒரு உடம்பு ஆடாம அசையாம இருந்தா அது கண்ணுக்குத் தெரியாது, படபடன்னு பறந்தா உடனே தெரிஞ்சிடும். பெட்டை இந்த அசையாத விஷயத்துல இன்னும் ஒரு படி மேல, தரையில தான் கூடு, தாழ்ந்த கிளைக்கு அடியில, மூணு வாரத்துக்கு மேல தனியா அடைகாக்கும், நீங்க கிட்டத்துல போய் குனிஞ்சா கூட எழுந்திருக்காது. இது பயம் தெரியாத தனம் இல்ல. ஆயிரக்கணக்கான வருஷமா உயிரக் காப்பாத்தின வழி. நடுவுல ரெண்டு கால்ல நிமிந்து நடந்து கையில கல்லோட ஒருத்தன் வந்தான், அவன்கிட்ட மட்டும் அந்த வழி செல்லுபடியாகல. அதுக்கு பறவைய முட்டாள்ங்கறது என்ன நியாயம்?

இன்னொண்ணு சொல்றேன், இதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியம் தாங்கல. பனி விழுந்துட்டா அந்தக் காட்டுல பழம் கெடையாது, பூச்சி கெடையாது, தளிர் கெடையாது. இதுக்கு சாப்பாடு ஸ்ப்ரூஸ், பைன் ஊசி தான், மாசக்கணக்கா அது மட்டும் தான். பிசினும் நாருமா இருக்கற, சத்தே இல்லாத அந்த ஊசிய வேற எதுவும் லேசுல தொடாது. இது அதுக்காக உடம்பையே மாத்திக்குது. தீனிய அரைக்கற அரைவைப்பை 75 சதவீதம் வரைக்கும் பெருசாகுது, குடல் பகுதிங்க 40 சதவீதம் நீளுது, வசந்தம் வந்தா பழையபடி சுருங்கிடும். சாயங்காலம் இருட்டறதுக்குள்ள தீனிப்பைய ரொப்பிக்கும், உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு வரைக்கும் கொள்ளும். அரை கிலோ பறவை 50 கிராம் ஊசிய உள்ள வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க மெதுவா செரிச்சு சூடா இருக்கு. கால் வெரல் ரெண்டு பக்கமும் சீப்பு பல்லு மாதிரி குளிர்காலத்துக்குன்னே செதில் வளருது, பனி ஆழமா இருந்தா உள்ள குடைஞ்சு போய் தூங்கிக்குது. எத்தனையோ பறவை தெக்க பறந்து போயிடுது, இது அங்கேயே உக்காந்து மைனஸ் முப்பதுல ஊசிய தின்னு பொழைக்குது. இதையா முட்டாள்ங்கறோம்?

வேட்டையே கூடாதுன்னு நான் சொல்லல. வடக்குல பழங்குடி மக்களுக்கு பசி நேரத்துல கைக்கு எட்டின சாப்பாடு இது, அவங்க சாப்பிடறத கேக்க நான் யாரு. ஒன்டாரியோவுல லைசென்ஸ் வச்சிருந்தா சீசன்ல சுடலாம், ரஃப்டு கிரவுஸ்னு இன்னொரு கிரவுஸ் வகையும் சேத்து ஒரு நாளைக்கு 5 தான் கணக்கு. சட்டம் அது. என் வருத்தம் காரை விட்டு இறங்கி, நின்னுட்டு இருக்கற பறவைய பத்தடியிலேர்ந்து சுட்டு, அதுக்கு ஒரு சிரிப்பும் சிரிச்சு போட்டோ போடறாங்க பாருங்க, அதுல தான். ஒரு பேரு வச்சிட்டோம்ல, முட்டாள்னு, அப்புறம் அது செத்தா அதோட தப்பு மாதிரி ஆயிடுது.

அமெரிக்காவோட மெய்ன் மாநிலத்துல இதை சுடவே கூடாது, ரஃப்டு கிரவுஸ மட்டும் சுடலாம். அதனால வேட்டைக்குப் போறவங்க வால பாக்கக் கத்துக்கணும், ரஃப்டுக்கு வால் நுனிகிட்ட கருப்புப் பட்டை, இதுக்கு நுனி செங்காவி. நியூயார்க் மாநிலத்துல அடிரான்டாக் மலையிலயும் வெர்மான்ட்லயும் இது அழிவு நிலைப் பட்டியல்ல இருக்கு. மொத்தமா பாத்தா அலாஸ்காவிலேர்ந்து அட்லாண்டிக் கரை வரைக்கும் காடு பரந்து கெடக்கறதால உலகக் கணக்குல ஆபத்து இல்லன்னு தான் எழுதியிருக்கும், ஆனா தெற்கு ஓரத்துல சதுப்பு சதுப்பா, தீவு தீவா தனித்தனியா மாட்டிக்கிட்டு இருக்கறதுங்க கதை வேற. கீழ்க்கிளை தரை தொடற மாதிரி நெருக்கமான ஊசியிலைக் காடு வேணும் அதுக்கு, நடுவுல பெருசா வெட்டிட்டா அந்த வெட்டவெளியத் தாண்டிப் போக தயங்கும். வெர்மான்ட்ல 2008ல வெளியிலேர்ந்து பிடிச்சுட்டு வந்து விக்டரி பேசின் காட்டுல விட்டுப் பாத்தாங்க.

ரஷ்யாவோட தூரக் கிழக்குல, ஆமூர் பக்கமும் சகாலின் தீவுலயும் இதுக்கு நெருங்கின சொந்தம் ஒண்ணு இருக்கு, டிக்குஷான்னு சொல்வாங்க. அதுவும் இதே மாதிரி நின்னு பாக்கும். அங்க வேட்டைக்காரங்க அதுக்கு வச்ச இன்னொரு பேருக்கு சாதுன்னு அர்த்தம் வரும். அதே குணம் தான், பாத்த கண்ணு வேற.

இலையுதிர் காலத்துல மண் ரோட்டோரம் இதுங்க வந்து நிக்கும், முக்கியமா காலையில. ஊசி சாப்பாட்டுக்கு மாறப் போகுதுல்ல, அரைவைப்பைக்கு பொடிக்கல்லு வேணும், அதைப் பொறுக்க வரும். காரைப் பாத்தாலும் நகராது. அந்தப் பக்கம் ஓட்டறவங்க தயவுசெஞ்சு ஹாரன் அடிக்காதீங்க, ஓரமா நிறுத்தி என்ஜின ஆஃப் பண்ணுங்க. ரெண்டு மூணு நிமிஷம் தான். கண்ணாடிய இறக்கினா ஒவ்வொரு கல்லா தெரிஞ்செடுத்து எடுக்கறது தெரியும், எடுத்து முடிச்சுட்டு நிதானமா நடந்து மரத்துக்குள்ள போயிடும்.