கண்ணாடி மேல எழுதுனா யாருக்குய்யா தெரியும்?

ஆப்பிள் கம்ப்யூட்டருக்குன்னு 2025-ல வந்த மேக்ஓஎஸ் 26 சாஃப்ட்வேரோட ஸ்க்ரீனப் பாத்ததுலேர்ந்து பத்திக்கிட்டு வருது. ஸ்க்ரீன் உச்சில இருக்க மெனு பாருக்குப் பின்னணியே கெடையாது, எல்லாம் கண்ணாடி, பேரு லிக்விட் கிளாஸ். வால்பேப்பர் மேல எழுத்து அப்படியே மெதக்குது, ஆத்தங்குடிக் கல்லு மேல கோலம் போட்டா எது கல்லோட கோடு எது மாவுக் கோடுன்னு தெரியுமா? இதத்தான 2007-ல மைக்ரோசாஃப்ட்காரங்க விண்டோஸ் விஸ்டால வச்சாங்க, 2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப தூக்குனாங்க, தட்டையா இருக்கதுதான் அழகுன்னாங்க, இப்ப திரும்பக் கண்ணாடியா? காரைக்குடில கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றவங்களுக்கு நாள் முழுக்க ஸ்க்ரீன்தான் பொழப்பு, அவங்க கண்ணப் பத்தி யாராச்சும் நெனச்சாங்களா? 60 வயசுல கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு இந்த மங்கல் எழுத்து எப்படித் தெரியும்? பட்டன் பட்டனாத் தெரிஞ்சா என்னய்யா கொறஞ்சு போகுது?