வெந்நீரில் முகத் துளைகள் திறக்காது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே செய்தி: கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடித்து, சுடச்சுட முகம் கழுவினால் தோலின் துளைகள் திறந்து அழுக்கெல்லாம் வந்துவிடுமாம், ஐஸ் தண்ணீர் அடித்தால் மூடிக்கொள்ளுமாம். இது தவறு.

திறந்து மூட அந்தத் துளைகளுக்குத் தசையே கிடையாது. சூடு பட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். சூடு அதிகமானால் தோலைக் காக்கும் எண்ணெயும் சேர்ந்து போய்விடும், அப்புறம் வறட்சி, அரிப்பு, கரப்பான் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். செம்பனைத் தோட்டத்தில் வேர்த்து ஊறி வரும் என் அக்கா இதை நம்பிச் செய்து, கன்னம் இரண்டும் மீன் செதில் மாதிரி உரிந்து நின்றதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வெதுவெதுப்பான தண்ணீர் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பாருங்கள், சுடக் கூடாது. வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷை விரல் நுனியால் தடவிக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். காலை, இரவு, அதிகம் வேர்த்தால் இன்னொரு தடவை.

பிள்ளைகளைக் கொதிநீர்ச் சட்டி மேல் மட்டும் குனிய வைக்காதீர்கள், தயவுசெய்து. சட்டி கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும்.